லுஹருக்குப் பின் இடம் மாறிய புள்ளி

1

பதினொன்றரைக்குச் சூரியனின் வலது தோளில் இருந்த கறுப்புப் புள்ளி, பன்னிரண்டு நாற்பதுக்குப் பார்த்தபோது இடது இடுப்பில் இருந்தது.

ஸில்மியா டீச்சர் கண்ணை எடுத்தாள். கண் வைக்கும் வில்லையைத் துடைத்தாள். திரும்பவும் குனிந்து பார்த்தாள். புள்ளி அங்கேதான் இருந்தது. இடது பக்கம், கீழே.

அது சின்னப் புள்ளியும் இல்லை. நம்முடைய பூமி மாதிரி நாலை உள்ளே போட்டு மூடிவிடலாம். அவ்வளவு பெரிய சாமான் ஒரு மணி பத்து நிமிடத்தில் சூரியனின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடுமா? பாடப்புத்தகப்படி அதற்கு ஏறக்குறைய இரண்டு கிழமை வேண்டும்.

காத்தான்குடியில் ஒரு பாடசாலை. மூன்று மாடிக்கு மேலே மொட்டை மாடி. கிழக்கே திரும்பினால் கடல், மேற்கே திரும்பினால் வாவி, ஊர்ப் பேச்சில் ஆறு. நடுவில் நீலத் தண்ணீர்த் தாங்கி. அதன் பக்கத்தில் மூன்று காலில் நின்றது தொலைகாட்டி. கத்தாரில் இருக்கும் பழைய மாணவன் றமீஸ் போன கிழமைதான் அனுப்பியிருந்தான்.

அதன் முன்வாயில் வெள்ளித் தாள் போல மினுங்கும் ஒரு பில்டர். லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். அது இருக்கும்வரை சூரியன் வெள்ளைப் பீங்கான் தட்டு மாதிரி சாதுவாகத் தெரியும். அது இல்லாவிட்டால் ஒரு செக்கன் போதும், கண் போய்விடும். போகும்போது வலிக்கவும் மாட்டாது.

அதனால்தான் முதல் நாளே ஸில்மியா பில்டரின் விளிம்பைச் சுற்றி நாலு இடத்தில் டேப் ஒட்டி, ஒவ்வொரு டேப்பையும் தாண்டிக் குழாயிலும் படும்படி நீலப் பேனையால் கையெழுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஓர் அறிவித்தல்: 'ஒருவரும் தொடக் கூடாது.' இருபத்தெட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் அவளை நம்பிக் கடிதம் கொடுத்திருந்தார்கள். இருபத்தெட்டுச் சோடிக் கண்கள்.

இப்போது அவள் மெதுவாக முன்பக்கம் போய் அந்த டேப்பைப் பார்த்தாள்.

மூன்று டேப் சரி. நாலாவதில் கையெழுத்து இரண்டாக வெட்டுப்பட்டு, கொஞ்சம் விலகி ஒட்டியிருந்தது.

யாரோ கழற்றித் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள்.

2

சந்தேகம் திங்கட்கிழமையே தொடங்கியிருக்க வேண்டும். அவள்தான் கவனிக்கவில்லை.

திங்களும் செவ்வாயும் காலைக் குழுவுக்கு ஸாதியா படம் வரைந்தாள், பின்னேரக் குழுவுக்கு ஷிஹான். இருவரும் உயர்தர வகுப்பு. தாளில் வட்டம் போட்டு, மேலே 'மேல்' என்று எழுதி, புள்ளி எங்கே தெரிகிறதோ அங்கே பென்சிலால் குறிக்க வேண்டும். மாவட்டக் கண்காட்சிக்குப் போகும் படங்கள்.

புதன் காலை எல்லாத் தாளையும் மேசையில் பரப்பியபோது சண்டை வந்துவிட்டது.

"டீச்சர், இவர் தாளைத் தலைகீழாப் பிடிச்சு வரைஞ்சிருக்காரு," என்றாள் ஸாதியா.

"நீங்கதான் தலைகீழாப் பார்த்திருப்பீங்க," என்றான் ஷிஹான். "காலையில நித்திரைத் தூக்கத்தில."

"நித்திரையில ஆரு எழும்பி வாற எண்டு ஸ்கூல் வேன் டிரைவர்ட்டக் கேளுங்க."

ஸில்மியா படங்களைப் பார்த்தாள். காலை எட்டு மணிப் படமும் பதினொன்றரை மணிப் படமும் ஒரே மாதிரி. புள்ளி வலது, மேலே. பின்னேரப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி. புள்ளி இடது, கீழே. செவ்வாய் காலை மறுபடி வலது, மேலே. பின்னேரம் மறுபடி இடது, கீழே.

பிள்ளைகள் பிழை விட்டால் ஒருநாள் விடுவார்கள். இரண்டு நாளும் ஒரே பிழையை, ஒரே நேரத்தில் விடுவார்களா?

"இண்டைக்கு நானே வரையிறன்," என்றாள். வரைந்தாள். அதுதான் இப்போது கையில் இருக்கும் இரண்டு தாள். இரண்டும் அவள் கைப்பட வரைந்தவை. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

இந்த இரண்டு தாளுக்கும் நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். லுஹர் என்னும் நடுப்பகல் தொழுகை.

பன்னிரண்டு மணியாகும்போது மொட்டை மாடியில் இருக்கும் எல்லாரும் கீழே இறங்கி, கை கால் முகம் கழுவி வுழு எடுத்து, தொழுகை அறைக்குப் போவார்கள். முப்பது, முப்பத்தைந்து நிமிடம். அந்த நேரம் தொலைகாட்டிக்குக் காவல் ஒரே ஆள். ஆய்வுகூட உதவியாளர் நல்லரத்தினம். ஆரையம்பதிக்காரர், ஐம்பத்திரண்டு வயது. பதினாறு வருடமாக இந்தப் பாடசாலையின் எல்லாப் பூட்டுகளின் திறப்புகளும் அவர் இடுப்பில் கோர்வையாகத் தொங்குகின்றன. பெருநாளைக்கு லீவு விட்டால் பூட்டிவிட்டுப் போவதும் அவர்தான், திறக்க முதல் ஆளாக வருவதும் அவர்தான்.

அவரா? ஸில்மியாவுக்கு நெஞ்சு ஏற்கவில்லை.

"நெஞ்சை விடுங்க டீச்சர்," என்றார், கணினி அறையில் அவள் சொன்னதையெல்லாம் கேட்ட கணினி ஆசிரியர் அஸ்பாக். "கெமரா என்ன சொல்லுதெண்டு பாப்பம்."

மொட்டை மாடிக்கு ஏறும் படியின் அடியில் கெமரா பொருத்தியது அஸ்பாக்தான். அதைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார். கணினியில் ஓட விட்டார். பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம்: பிள்ளைகள் தடதடவென்று இறங்குகிறார்கள். கடைசியாக ஸில்மியா. பிறகு படி வெறுமை. பன்னிரண்டு முப்பத்தாறு: முதல் பிள்ளை ஏறுகிறது. நடுவில் ஒருவரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"மேல நிண்டது ஒரே ஆள்," என்றார் அஸ்பாக். "நம்மட ஆக்கள் எல்லாம் தொழுகையில. மிச்சம் ஆர்?"

அறை வாசலில் ஒரு சிறு சத்தம். திறப்புகள் உரசும் சத்தம்.

நல்லரத்தினம் பிளேன்டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

3

அதிபர் அசனார் சேருக்கு ஓய்வு பெற ஏழு மாதம்தான் இருந்தது. அந்த ஏழு மாதத்துக்குள் எதுவும் நடக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை.

"எனக்கு விஞ்ஞானம் வேணாம்," என்றார். "பிள்ளையள்ட கண்ணுக்கு ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு? அத மட்டும் சொல்லுங்க. நல்லரத்தினம், நீங்க அந்த டெலஸ்கோப்பத் தொட்டீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று ஸில்மியா மனதுக்குள் கெஞ்சினாள்.

"ஓம் சேர்," என்றார் நல்லரத்தினம். "தொட்டனான்."

அஸ்பாக் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏன் தொட்டீங்க?"

"பன்னிரண்டு மணியாகக்குள்ள அந்தக் குழாய் நட்டுக்குத்தா நிண்டுரும் சேர். அதுக்கு மேல போகாது, காலில இடிக்கும். சூரியன் அங்கால போயிரும். புள்ளையள் வந்து தேடிக் கஷ்டப்படுவாங்க எண்டு ஆத்துப் பக்கமாத் திருப்பி, சூரியன நடுவுக்குக் கொண்டந்து வெச்சன்."

"எத்தின நாளா?"

"மூணு நாளா."

"உள்ளுக்கப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் ஸில்மியா.

"பார்க்காம எப்படி டீச்சர் நடுவுக்குக் கொண்டு வாற?"

"பில்டரோடயா?"

"பில்டரோடதான். எனக்கும் கண் வேணுமே."

"அப்ப டேப் ஏன் கழண்டிருக்கு?"

"கச்சான் காத்து. மேல என்ன அடி அடிக்குது எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. ஒரு துண்டு கிளம்பிட்டு. நான்தான் திரும்ப ஒட்டினன்."

"காத்து," என்றார் அஸ்பாக். "காத்துதான் புள்ளியையும் அங்கால தள்ளினதா அண்ணன்?"

நல்லரத்தினம் முதல் தடவையாகத் தடுமாறினார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பொட்டு ஏன் மாறினதெண்டு எனக்கு விளங்கல்ல."

அந்த ஒரு தடுமாற்றம் போதுமாக இருந்தது. அஸ்பாக் தன் கணக்கை விரித்தார். பில்டரைக் கழற்றியிருக்கிறார். திரும்ப மாட்டும்போது சுற்றி மாட்டியிருக்கிறார். அதனால் புள்ளியும் சுற்றிவிட்டது. அப்படியென்றால் அந்தப் புள்ளி சூரியனில் இல்லை, பில்டரில்தான் இருக்கிறது. ஒரு ஓட்டையோ கீறலோ.

"அப்ப காலையில ஏன் பழைய இடத்துக்கு வருது?" என்று ஸில்மியா கேட்டாள்.

"அதையும் அவரிட்டயே கேளுங்க டீச்சர். காலையில ரூமத் திறந்து டெலஸ்கோப்பக் கொண்டு வந்து வைக்கிறதும் அவர்தானே."

பில்டரில் கீறல் இருந்தால் அது இவ்வளவு கூர்மையான புள்ளியாகத் தெரியாது, மங்கலாகத்தான் தெரியும் என்று அவள் படித்திருக்கிறாள். ஆனால் படித்ததெல்லாம் இப்போது நம்பும்படியாக இல்லை. சூரியனே ஒரு மணித்தியாலத்தில் தலைகீழாகும்போது எதைத்தான் நம்புவது?

அசனார் சேர் கண்ணாடியைக் கழற்றினார். "வலயக் கல்விக் கந்தோருக்குக் கடிதம் அடிக்கிறன். இவருக்கு இடமாற்றம் கேட்டு. நாளைக்கு ஸ்கூல் விட முன்ன வேற காரணம் ஆராவது கொண்டு வந்தா கிழிச்சுப் போடுறன். இல்லாட்டி ஒப்பம் வெச்சு அனுப்புவன். அதுவரைக்கும் டெலஸ்கோப் பூட்டில இருக்கட்டும்."

"சேர், நாளைக்கு நான் மட்டும் ஒருக்காப் பார்க்கணும்," என்றாள் ஸில்மியா. "பிள்ளையள் வேணாம். பில்டரை நானே பார்த்து, புது டேப் ஒட்டுறன். கண் என்ட கண்தானே."

அதிபர் சம்மதமாகத் தலையை ஆட்டினார்.

நல்லரத்தினம் ஓரடி முன்னால் வந்தார். இடுப்பிலிருந்து திறப்புக் கோர்வையைக் கழற்றி அதிபரின் மேசையில் வைத்தார். பதினாறு வருடத்தில் அந்தக் கோர்வை அவரில்லாமல் தனியாகக் கிடந்ததை யாரும் பார்த்ததில்லை. பெல்ட்டில் அது தொங்கிய இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது.

4

வியாழக்கிழமை.

நல்லரத்தினம் வரவில்லை. ஸில்மியா அதிகாலையில் பில்டரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊசி முனை அளவுகூட ஓட்டை இல்லை, கீறல் இல்லை. சரியாகப் பொருத்தி, நாலு புது டேப், நாலு புதுக் கையெழுத்து.

எட்டு மணிக்குப் பார்த்தாள். வலது, மேலே. பத்து மணிக்கும் அதே. பதினொன்றரைக்கும் அதே.

பில்டரில் ஒன்றும் இல்லை. ஆகவே புள்ளி சூரியனில்தான் இருக்கிறது. ஆகவே அது நகர முடியாது. ஆனால் நகர்கிறது. இரவு முழுக்க போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தும் இப்படி ஒரு விசயத்தை ஒருவரும் சொல்லவில்லை. குளிர் நாட்டு வெள்ளைக்காரர்கள் தோட்டத்தில் தொலைகாட்டியை வைத்துக்கொண்டு, உச்சிப் பொழுதிலும் சாய்ந்தே நிற்கும் சூரியனைத் தெற்கே பார்த்தபடி நாள் முழுக்கச் சந்தோசமாகப் பேசினார்கள்.

பன்னிரண்டு மணியாகப் போகிறது. கீழே பிள்ளைகள் வுழு எடுக்கக் குழாயடியில் கூடும் சத்தம். ஸில்மியா அசையவில்லை. மாதத்தில் பெண்களுக்குத் தொழுகை இல்லாத நாட்கள் உண்டு. அவளுக்கு அன்று அந்த நாள். இந்த நாலு நாளில் லுஹர் நேரத்தில் நல்லரத்தினம் அல்லாத ஓர் ஆள் மொட்டை மாடியில் நிற்பது இதுதான் முதல் தடவை.

பதினொன்று ஐம்பத்தைந்து. குழாய் நட்டுக்குத்தாக நின்றது. திருகாணியைச் சுற்றினாள். சுற்ற மறுத்தது. குழாயின் அடி முக்காலியின் காலில் போய் இடித்தது. நல்லரத்தினம் சொன்ன அதே மாதிரி. சூரியன் வட்டத்தின் விளிம்பில் வழுக்கி, மெல்லிய நகமாகி, காணாமல் போனது.

சரி, அவர் சொன்னதில் ஒன்று உண்மை.

பன்னிரண்டு ஐந்து தாண்டியதும் முதல் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு கேட்டது. அது முடியுமுன் இரண்டாவது பள்ளி. பிறகு மூன்றாவது. ஊர் முழுக்க ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி வாங்கு. ஸில்மியா தலையில் ஸ்காபைச் சரிசெய்துகொண்டு, அடங்கும்வரை நின்றாள்.

பிறகு குழாயை இரண்டு கையாலும் பிடித்து, கடல் பக்கத்திலிருந்து வாவிப் பக்கம் திருப்பினாள். தரையில் விழும் குழாயின் நிழல் சுருங்கிச் சுருங்கி ஒரு வட்டமாகும்வரை அசைத்தாள். குனிந்து கண் வைத்தாள். வெள்ளைத் தட்டு மெதுவாக நடுவுக்கு வந்தது.

புள்ளி இடது பக்கம். கீழே.



முன்பக்கம் ஓடிப் போய்ப் பார்த்தாள். பில்டர் அசையவில்லை. கையெழுத்துகள் வெட்டுப்படவில்லை. ஒரே ஒரு டேப்பின் மூலை மட்டும் காற்றில் கிளம்பிப் படபடத்தது. இரண்டாவது உண்மை.

மாடியில் வேறு ஆள் இல்லை. கெமராவைப் போட்டுப் பார்த்தால் தெரியப்போகிறது: மேலே நின்றது ஒரே ஆள். ஸில்மியா.

அப்போ நானா?

நிழலுக்காகத் தண்ணீர்த் தாங்கியின் அருகே போனாள். காலையில் அந்த நிழலில்தான் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள், வாவிப் பக்கமாக. கதிரை அங்கேயே கிடந்தது. நிழலைக் காணோம். சுற்றிப் பார்த்தாள். தாங்கியின் அடியில், கடல் பக்கமாக, விரல் தடிப்பில் ஒரு கறுப்புக் கோடு எட்டிப் பார்த்தது.

ஏழு வயதில் மதரஸாவில் படித்தது காதுக்குள் கேட்டது. சூரியன் உச்சியை விட்டுச் சாய்ந்து, நிழல் மறு பக்கம் விழத் தொடங்கினால் லுஹர் நேரம் வந்துவிட்டது. எத்தனை தடவை ஒப்புவித்திருக்கிறாள். இவ்வளவு காலமாக வாங்கு சொல்லி வந்த செய்தியே அதுதானே.

செப்டெம்பர் முதல் வாரம். இந்த ஊருக்குச் சூரியன் நேர் உச்சந்தலையில் வரும் நாட்கள். காலையில் கடலைப் பார்த்தபடி அண்ணாந்து பார்த்த சூரியனை, இப்போது வாவியைப் பார்த்தபடி அண்ணாந்து பார்க்கிறாள். காலையில் அதன் எந்த விளிம்பு மேலே நின்றதோ, அது இப்போது...

விளங்கியது மாதிரியும் இருந்தது. விளங்காதது மாதிரியும் இருந்தது. ஆனால் கால்கள் காத்திருக்கவில்லை. படியில் ஓடினாள்.

5

அதிபரின் மேசையில் கடிதம் தயாராக இருந்தது. பேனை மூடி திறந்திருந்தது. தொழுதுவிட்டு வந்த அஸ்பாக் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"சேர், லுஹர் நேரம் நான் மேல நிண்டன். தனியா," என்றாள் ஸில்மியா மூச்சு வாங்க. "என்ட கண் முன்னாலயே புள்ளி மாறிச்சு."

"லுஹர் நேரத்தில நீங்க ஏன்..." என்று தொடங்கிய அசனார் சேர், பாதியில் விளங்கிக்கொண்டு, மின்விசிறியை வெகு கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். "சரி. சொல்லுங்க."

அவர் பார்த்த திசையில், கூரையில், மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. ஸில்மியாவுக்கு அதுவே போதும் என்று பட்டது.

"சேர், கொஞ்சம் எழும்புங்க. அஸ்பாக் சேர், நீங்களும். கடல் பக்கம் பார்த்து நில்லுங்க. அப்பிடியே அண்ணாந்து அந்தப் பல்லியப் பாருங்க."

இரண்டு பெரிய மனிதர்களும் எழும்பி, கழுத்தை முறித்து அண்ணாந்தார்கள்.

"பல்லிட தலை எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்," என்றார் அதிபர்.

"இப்ப நிண்ட இடத்திலயே ஆத்துப் பக்கம் திரும்புங்க. அண்ணாந்து பாருங்க. தலை எந்தப் பக்கம்?"

திரும்பினார்கள். அண்ணாந்தார்கள்.

"இடது," என்றார் அதிபர். சற்று நின்று, "அது திரும்பிட்டுப் போல," என்றார்.

"பல்லி அசையல்ல சேர். நீங்கதான் திரும்பினீங்க."

அஸ்பாக் மறுபடி கடல் பக்கம் திரும்பினார். மறுபடி வாவிப் பக்கம். மறுபடி கடல் பக்கம். வாசலால் போன ஒரு பிள்ளை நின்று, கணினி சேர் கூரையைப் பார்த்துச் சுற்றுவதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டது.

"காலையில டெலஸ்கோப் கடலப் பார்த்து நிக்குது," என்றாள் ஸில்மியா. "சூரியன் தலைக்கு மேலால போனதும் ஆத்துப் பக்கம் திருப்ப வேண்டியிருக்கு. திருப்பினா நமக்குப் படம் தலைகீழாத் தெரியும். சூரியனில ஒண்டும் நடக்கல்ல. நாம இறங்கித் தொழப் போற நேரமும் சூரியன் தலைக்கு மேலால போற நேரமும் ஒண்டு. அதான் நம்மில ஒராளும் இதக் காணல்ல. கண்ட ஒரே ஆள் நல்லரத்தினம் அண்ணன்."

"அப்ப டேப்?" என்றார் அஸ்பாக், அண்ணாந்தபடியே.

"இண்டைக்கு விடியத்தான் நான் ஒட்டின. அதுலயும் ஒண்டு கிளம்பிட்டு. மேல போய்ப் பாருங்க."

அதிபர் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப புள்ளி மாறல்ல."

"இல்ல சேர்."

"பில்டர் பழுதில்ல."

"இல்ல."

"அந்த மனிசன் கழட்டவும் இல்ல."

"இல்ல சேர்."

"அப்ப நேத்து நாம அவரிட்ட என்னத்தப் புள்ள விசாரிச்ச?"

பல்லி சரசரவென்று ஓடி டியூப்லைட்டுக்குப் பின்னால் மறைந்தது. அதிபர் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார். "எனக்கு இன்னும் சரியா விளங்கல்ல," என்றார். "ஆனா பிழை எங்கட எண்டு மட்டும் விளங்குது. டீச்சர், திறப்பக் கொண்டு போய் அவர்ட கையில குடுங்க."

6

ஆரையம்பதிக்கு ஸ்கூட்டியில் பத்து நிமிடம். திறப்புக் கோர்வை முன்கூடையில் குலுங்கிக்கொண்டே வந்தது.

நல்லரத்தினம் முற்றத்து மாமரத்தின் கீழ் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"வாங்க டீச்சர். கண்ணுக்கு ஏதும்? புள்ளையளுக்கு?"

"ஒண்டுமில்ல அண்ணன். எல்லாம் சரி. டெலஸ்கோப்பில ஒரு பிழையும் இல்ல. நீங்க ஒண்டும் செய்யல்ல எண்டு சேருக்கு விளங்கிட்டு. கடிதத்தையும் கிழிச்சிட்டாரு."

"நான் ஒண்டும் செய்யல்லயா?" அவர் முகத்தில் நிம்மதிக்குப் பதிலாகக் குழப்பம்தான் வந்தது. "அப்ப பொட்டு?"

கடலையும் வாவியையும் பல்லியையும் வைத்து அவள் விளங்கப்படுத்தினாள். அவர் மாமரத்தின் கீழேயே கிழக்கே ஒருமுறையும் மேற்கே ஒருமுறையும் திரும்பி அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்டு சொல்லட்டா டீச்சர்? திங்கக்கிழமையே கண்டனான். காலையில புள்ளையள் காட்டின இடத்தில பொட்டில்ல. நான்தான் திருப்பக்குள்ள உள்ளுக்க எதையோ உடைச்சிட்டன் எண்டு நினைச்சன். பழையபடி கடல் பக்கம் திருப்பிப் பார்த்தன். சூரியனே இல்ல. மறுகா ஆத்துப் பக்கம். பொட்டு கீழ. தொடக் கூடா எண்டு நீங்க எழுதி ஒட்டியிருக்கீங்க. எப்படிச் சொல்ற? அதான் நேத்துக் கேட்கக்குள்ள வாய் வரல்ல."

"உடைக்கல்ல அண்ணன்."

"ஆனா திருப்பினது நான்தானே. திருப்பினதாலதானே மாறிச்சு?"

"ஓம். இல்ல. அதாவது, நீங்க திருப்பாட்டியும்..." ஸில்மியா நிறுத்தினாள். அவளுக்கே மறுபடி குழம்பியது. "திருப்பத்தான் வேணும் அண்ணன். திருப்பினது சரிதான்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு கோர்வையை நீட்டினாள். அவர் உடனே வாங்கவில்லை.

"அஸ்பாக் சேர் கதைச்சது என்ட காதில விழுந்தது," என்றார். குரலில் கோபம் இல்லை. "'நம்மட ஆக்கள்' எண்டு. பதினாறு வருசமா அந்தச் சொல்லுக்குள்ள நானும் இருக்கிறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தன். நீங்களும் பக்கத்தில நிண்டீங்க டீச்சர்."

நின்றாள். கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உண்மை.

"பிழைதான் அண்ணன்," என்றாள் கடைசியில்.

நல்லரத்தினம் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டாரா, சும்மா ஆட்டினாரா, தெரியவில்லை. கோர்வையை வாங்கி இடுப்பில் மாட்டினார். பிறகு அதிலிருந்து ஒரு திறப்பை மட்டும் நெம்பிக் கழற்றி அவள் கையில் வைத்தார். மொட்டை மாடிக் கதவின் திறப்பு.

"இது உங்கட கையில இரிக்கட்டும். திங்கக்கிழமை வாறன்."

"இது ஏன்?"

"இரிக்கட்டும் டீச்சர்," என்றார். "பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க."

7

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகப் பாடசாலை நேரத்தோடு விட்டது. அடுத்தது திங்கள்.

நல்லரத்தினம் வந்தார். ஆய்வுகூடத்தைத் திறந்தார், குப்பிகளைத் துடைத்தார், அஸ்பாக் சங்கடத்தோடு சொன்ன சலாமுக்கு வழக்கம் போலவே "சலாம் சேர்" என்றார். கண்காட்சிக்கு அசனார் சேர் புதிதாக ஒரு தலைப்புச் சொல்லியிருந்தார்: 'லுஹர் நேரத்தில் சூரியன் ஏன் தலைகீழாகிறது?' பிள்ளைகளும் அதிபரும் உச்சிப் பொழுதைப் பார்த்துவிட்டுத்தான் தொழப் போவது என்று முடிவு.

பன்னிரண்டுக்கு எல்லாரும் தொலைகாட்டியைச் சுற்றி நின்றார்கள். குழாய் நட்டுக்குத்தாக நின்றது. ஸில்மியா திரும்பிப் பார்த்தாள். அவரைக் காணவில்லை.

கதவடிக்குப் போய்ப் படியில் எட்டிப் பார்த்தாள்.

நல்லரத்தினம் படியின் அடியில், கெமராவுக்கு நேர் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். கெமராவின் சின்னச் சிவப்பு வெளிச்சம் அவர் நெற்றிக்கு நேரே எரிந்தது.

"அண்ணன், மேல வாங்களன். நேரமாகுது."

"நீங்க திருப்புங்க டீச்சர். ஆத்துப் பக்கம். நிழலப் பார்த்துத் திருப்பினா லேசு."

அவள் திரும்பிப் போய்த் திருப்பினாள். நிழல் சுருங்கி வட்டமானது. தூரத்தில் முதல் வாங்கு தொடங்கியது. வெள்ளைத் தட்டு நடுவுக்கு வந்தது. நாலைந்து நாளில் சூரியன் சுழன்றதில் புள்ளி விளிம்புக்கே போயிருந்தது. காலையில் வலது மேல் விளிம்பில் இருந்தது இப்போது இடது கீழ் விளிம்பில். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு பார்த்தார்கள். அதிபர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இப்பவும் எனக்கு விளங்கல்ல," என்றார்.

"டீச்சர்," என்று கீழிருந்து குரல் வந்தது. "பொட்டு மாறிட்டா?"

"மாறிட்டு அண்ணன்."

"சரி. நான் இஞ்ச கெமராக்கு முன்னாலதான் நிக்கிறன்."